கந்தோரும் கொம்பியூட்டரும் ஒரே குடும்பம்: ஒரு லத்தீன் சொல்லின்ர தடத்தைப் பிடிக்கிறது எப்பிடி

லத்தீன் செத்த மொழி எண்டு சொல்லுறவை கிளிநொச்சியில ஏ-9 றோட்டால ஒருக்கா நடந்து பாக்கலாம். ஆஸ்பத்திரி, ஹோட்டல், பாண் விக்கிற கடை, அலுமாரிக் கடை, கொம்பியூட்டர் சென்டர், உள்ளுக்க எங்கயாவது ஒரு கள்ளுத் தவறணை, நத்தார் வந்தா கடை வாசல்ல ஒரு நட்சத்திரம். இவ்வளவுக்கும் வேர் ரோமாபுரியில கிடக்கு. ஆனா ஒண்டும் நேரா அங்கயிருந்து இஞ்ச வரேல்ல, ஒவ்வொண்டும் ஒவ்வொரு கப்பல்ல ஏறி, ஒவ்வொரு ஆளின்ர வாயால சப்பித் துப்பப்பட்டுத்தான் வந்து சேந்தது.

அந்த வழியைக் கண்டுபிடிக்கிற முறையைத்தான் எழுதுறன். பெரிய படிப்பு ஒண்டும் தேவையில்லை, போனும் ஒரு கொப்பியும் வயசான ரெண்டு மூண்டு ஆக்களும் காணும். ஒண்டை மட்டும் முதலே சொல்லிடுறன், சொல் எங்க பிறந்தது எண்டு தேட வெளிக்கிடாதேங்கோ, ஆர் கொண்டுவந்தது எண்டு தேடுங்கோ. கொண்டுவந்த ஆளைப் பிடிச்சா பிறந்த இடம் தானா வரும். மற்றப் பக்கத்தால போனா சத்தம் ஒத்துவாற எல்லாத்தையும் சொந்தமாக்கிக்கொண்டு நிப்பீங்கள்.

முதல் வேலை, சொல்லைப் புத்தகத்தில இருந்து எடுக்காம வாயில இருந்து எடுக்கிறது. இதுக்கு வன்னியைப் போல வசதியான இடம் குறைவு. 1936ல யாழ்ப்பாணத்தில காணி இல்லாத சனத்தைக் கொண்டுவந்து குடியேத்தத்தான் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் தொடங்கினது, அதுக்கு முதலே குளத்தோடயும் காட்டோடயும் இருந்த பழைய வன்னிச் சனம் இருக்கு, 1958, 1977 இனக் கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து இருந்த குடும்பங்கள் இருக்கு, மன்னார்ப் பக்கத்தால வந்த கத்தோலிக்க ஆக்கள் இருக்கினம், வவுனியாப் பக்கம் போனா சிங்களமும் காதில விழும். ஒரே ஒழுங்கைக்குள்ள ஒரு அம்மம்மா "கந்தோருக்குப் போட்டு வாறன்" எண்டுவா, பக்கத்து வீட்டு மலையகத்து ஐயா "ஆபிஸ்" எண்டுவார், பேரப்பிள்ளை "ஒபிஸ்" எண்டுவான். மூண்டையும் எழுதுங்கோ. பள்ளிக்கூடத்தில எழுதிற மாதிரி திருத்தி எழுதக் கூடாது, சொன்ன மாதிரியே எழுதி, சொன்னது ஆர், அவையின்ர வேர் எந்த ஊர் எண்டும் பக்கத்தில போடுங்கோ. பேந்து அதுதான் சாட்சி.

வராத சொல்லையும் எழுதுங்கோ, அதுகும் முக்கியம். இந்தியாவில சாவி எண்டுறதை நாங்கள் திறப்பு எண்டுறம். சாவி போர்த்துக்கீசச் சொல், அந்த மொழியே லத்தீன்ர பிள்ளைதான், அவையள் "ஷாவே" எண்டுவினம், லத்தீன்ல "கிளாவிஸ்". லத்தீன்ல சொல் முதல்ல கிள, பிள, ஃபிள எண்டு வந்தா போர்த்துக்கீசத்தில அது கனதரம் "ஷ" ஆகிடும், மழைக்கு லத்தீன் புளூவியா, போர்த்துக்கீசம் ஷூவா. முந்தி அந்த எழுத்தை "ச்ச" எண்டு அழுத்திச் சொன்னவை, அதுதான் எங்கட பக்கம் சாவி, ஹிந்தியில சாபி. யாழ்ப்பாணத்தை போர்த்துக்கீசர் ஆண்டும் அந்தச் சொல் எங்கட வாயில நிக்கேல்ல, திறக்கிறது திறப்பு எண்டு எங்கட சனம் தங்கட பாட்டுக்கு ஒண்டை வைச்சுக்கொண்டுது. ஆக, ஆட்சி வந்தா சொல்லும் வந்திருக்கும் எண்டு எடுத்த எடுப்பில எழுதக் கூடாது.

ரெண்டாவது, கப்பலைக் கண்டுபிடிக்கிறது. ஆண்டுகளை ஒருக்கா மனசில வைச்சிருங்கோ: போர்த்துக்கீசர் 1560ல மன்னாரைப் பிடிச்சினம், 1619ல யாழ்ப்பாணம் விழுந்தது, 1658ல ஒல்லாந்தர் வந்தினம், 1795ல இங்கிலீசுக்காரர். வன்னிக் காட்டுக்குள்ள முதல் ரெண்டு பேரும் ஒழுங்கா இருந்து கனகாலம் ஆளேல்ல, பெரும்பாலும் வன்னியர்மார் எண்ட அந்தப் பக்கத்துச் சிற்றரசரிட்ட யானையைத் திறையா வாங்கினதோட சரி. அதால இஞ்ச உள்ள பறங்கிச் சொல்லுகள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாலயும் மன்னாராலயும் எங்கட ஆக்களோட சேந்து வந்ததுகள்.

ஆனா ஒரு சொல்லைக் கேட்ட உடன அது போர்த்துக்கீசமா ஒல்லாந்தா இங்கிலீசா எண்டு எப்பிடித் தெரியும்? அதுக்கு எனக்குப் பிடிச்ச சோதனை ஒண்டு இருக்கு. "த" வருதா "ட" வருதா எண்டு பாருங்கோ. போர்த்துக்கீசர் ஒல்லாந்தரின்ர "ட" எங்கட காதுக்கு "த" மாதிரி விழுந்தது, இங்கிலீசுக்காரரின்ரது "ட" மாதிரி விழுந்தது. விசுக்கோத்து, பிஸ்கட். துவாய், டவல். கந்தோர், கவுண்டர். முன்னுக்கு நிக்கிறது பழசு, பின்னுக்கு நிக்கிறது இங்கிலீசோட வந்தது. சப்பாத்து, நத்தார், நொத்தாரிசு எல்லாத்திலயும் அந்தத் "த" இருக்கு பாருங்கோ. நூறு வீதம் பிடிக்காது, ஆனா முதல் அரிப்புக்கு இது நல்லாக் காணும்.

அடுத்த சோதனை போன்ல செய்யலாம். மொழிபெயர்க்கிற அப் ஒண்டைத் திறந்து அந்தப் பொருளின்ர இங்கிலீசுப் பேரைப் போட்டு, சிங்களத்திலயும் இந்தோனேசிய மொழியிலயும் என்ன வருதெண்டு பாருங்கோ. ஏன் இந்தோனேசியா எண்டா, இதே போர்த்துக்கீசரும் இதே ஒல்லாந்தரும் அங்கயும் போய் இருந்தவை, ஆனா இங்கிலீசுக்காரர் அங்க நிண்டது கொஞ்சக் காலம்தான். எங்கட கந்தோர் சிங்களத்தில கந்தோருவ, இந்தோனேசியாவில கந்தோர். நத்தார் சிங்களத்தில நத்தல, அங்க நதால். அலுமாரி சிங்களத்தில அல்மாரிய, அங்க லெமாரி. யன்னல் ஜனேலய, அங்க ஜெண்டெலா. சப்பாத்து சபத்துவ, அங்க செபாத்து. மூண்டு இடத்திலயும் ஒரே சொல் நிண்டா அது கப்பலால வந்த சொல், இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தால வந்ததில்லை. வவுனியாவில சிங்களம் தெரிஞ்ச ஆரையும் கேட்டா இன்னும் நல்லது, ஏனெண்டா அப் சில நேரம் புத்தகச் சிங்களத்தைத்தான் காட்டும், ஆஸ்பத்திரிக்கு "ரோஹல" எண்டு காட்டும், ஆனா சனம் கதைக்கேக்க "இஸ்பிரித்தாலே" எண்டும் சொல்லுங்கள், உங்களுக்கு வேணுமானது அந்த ரெண்டாவதுதான்.

கப்பல் தெரிஞ்சாப் பிறகுதான் அகராதி. மெட்ராஸ் யுனிவசிட்டியின்ர தமிழ் லெக்சிக்கன் இணையத்தில சும்மா கிடைக்குது, வெளிச்சொல் எண்டால் எந்த மொழியில இருந்து வந்ததெண்டு சொல்லுக்குப் பக்கத்திலயே போட்டிருப்பினம், யாழ்ப்பாணத்து வழக்கெண்டா அதுக்கும் ஒரு குறி இருக்கு. 1862ல வந்த வின்ஸ்லோ அகராதியில எங்கட பக்கத்துச் சொல்லுகள் கனக்க இருக்கு, அந்த வேலையே யாழ்ப்பாணத்தில தொடங்கினதுதான். சொல் எப்ப இருந்து புழங்குது எண்டு பாக்க ஈழத்துப் பழைய நூலுகளை ஏத்தி வைச்சிருக்கிற "நூலகம்" எண்ட இணையத்தளத்துக்குள்ள போய் பழைய பேப்பருகளைப் புரட்டலாம், உதயதாரகை 1841ல தொடங்கின பேப்பர். இங்கிலீசுச் சொல்லுகளுக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் விக்சனரியின்ர இங்கிலீசுப் பதிப்புப் போதும்.

சரி, இப்ப ஒரு சொல்லை முழுசா ஓட்டிப் பாப்பம், கந்தோரையே எடுப்பம்.

"த" இருக்கு, இந்தோனேசியாவிலயும் இருக்கு, அப்ப பழசு. போர்த்துக்கீசத்தில ஒபிசுக்கு வேற சொல், ஒல்லாந்து மொழியில "கன்தோர்". ஆளைப் பிடிச்சாச்சு. ஒல்லாந்தர் ஆரிட்ட எடுத்தவை? பிரெஞ்சில "கொந்துவார்", வியாபாரி இருந்து காசு எண்ணுற மேசை, பேந்து அந்த மேசை இருந்த அறை. பிரெஞ்சுச் சொல்லுக்கு நடுவில ஒரு "ப" எழுதுவினம், ஆனா வாயால சொல்லுறேல்ல. எழுத்தில இருந்து வாயில இல்லாத அந்த "ப" தான் உங்களுக்கு வேரைக் காட்டிற கை, லத்தீன்ல அது "கொம்புத்தாரே", கணக்குப் பாக்கிறது. கணக்குப் பாக்கிற இடம் கொம்புத்தாத்தோரியும்.

வேர் கிடைச்ச உடன நிப்பாட்டாதேங்கோ, திரும்பிக் கீழ இறங்கி வாங்கோ, மற்றப் பிள்ளையள் எங்க போச்சினம் எண்டு பாருங்கோ. அதே கொம்புத்தாத்தோரியும் பிரெஞ்சால இங்கிலீசுக்குப் போய் கவுண்டர், வங்கியில நம்பர் துண்டு எடுத்துக்கொண்டு போய் நிக்கிறமே, அது. எக்கவுண்ட் எண்டுறதும் அதே வினைச்சொல். படிச்சவை லத்தீனைப் பாத்துப் புதுசா எடுத்தபடியா "ப" தேயாம அப்பிடியே இருக்கிறது கொம்பியூட்டர். அந்தக் காலத்தில கொம்பியூட்டர் எண்டா மெசின் இல்லை, இருந்து கணக்குப் போடுற ஆள். ஆக பிரதேச செயலகத்துக்கு, அதுதான் எங்கட சனம் சொல்லுற ஏ.ஜி.ஏ கந்தோருக்குப் போய், கவுண்டரில நிண்டு, எக்கவுண்ட் நம்பரைக் குடுக்க, அங்க இருக்கிற பிள்ளை அதைக் கொம்பியூட்டரில அடிக்கிறா எண்டால், ஒரே லத்தீன் சொல்லு நாலு தரம் வந்திட்டுது, நாலும் நாலு வழியால.

இன்னும் ஒரு படி உள்ளுக்க போகலாம். கொம் எண்டா சேத்து. "புத்தாரே" எண்டதுக்குப் பழைய கருத்து மரத்தின்ர, முந்திரிகைக் கொடியின்ர கொப்பை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணுறது, துப்புரவாக்கிறது. அதில இருந்து கணக்கைத் துப்புரவாக்கிறது, பேந்து மதிக்கிறது, நினைக்கிறது எண்டு கருத்து நகந்து நகந்து போனது. வெட்டுற பக்கத்துக் கருத்தோட மருத்துவத்துக்குப் போனது அம்பியூட்டேசன், சுத்திவர வெட்டுறது. அந்தச் சொல்லுக்கு இஞ்ச ஆரும் அகராதி புரட்டத் தேவையில்லை, ஷெல்லும் மிதிவெடியும் விழுந்த நிலத்தில சின்னப் பிள்ளைக்கும் இங்கிலீசு தெரியாமலே தெரிஞ்ச இங்கிலீசுச் சொல் அது. கந்தோரும் அதுவும் ஒரு வேர் எண்டு கண்டாப் பிறகு எனக்கு ரெண்டையும் பிரிச்சு நினைக்கிறது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு.

கந்தோரில பின்பக்கமாப் போனம். பாணில முன்பக்கமாப் போய்ப் பாக்கலாம், ஏனெண்டா சத்தம் எப்பிடி மாறும் எண்டு பாக்க இதைப்போல வடிவான சொல் கிடைக்காது. லத்தீன் "பானிஸ்". இத்தாலியில பானே, ஸ்பெயின்ல பான், பிரெஞ்சில மூக்கால ஒரு "பங்". போர்த்துக்கீசத்தில நடுவில இருந்த "ன" கரைஞ்சு போய் மூக்குச் சத்தமா மட்டும் மிஞ்சினது, வாய் "ஆ"வில தொடங்கி "உ"வுக்குக் குவியும், அந்த நேரம் காத்து மூக்காலயும் போகும். இதை அப்பிடியே தமிழில எழுத ஏலாது. கேட்ட சனம் ஒவ்வொண்டும் தனக்கு விளங்கின பாதியை எடுத்துக்கொண்டுது. நாங்களும் சிங்களச் சனமும் மூக்கைப் பிடிச்சம், பாண். கோவா, மராட்டிப் பக்கம் உதட்டைப் பிடிச்சினம், பாவ். பாவ் பாஜியில வாற பாவ் எங்கட பாண்தான். வங்காளத்தில பாவுக்குப் பின்னால ரொட்டியையும் ஒட்டிப் பாவுருட்டி ஆக்கிட்டினம். 1543ல போர்த்துக்கீசர் ஜப்பான்ல தனேகஷிமாத் தீவில கரைதட்டினவை, அங்கயும் பாணுக்குப் பேர் பான், ஜப்பான்காரரால கொரியாவுக்குப் போய் அங்க "ப்பாங்". இப்ப வேலைக்குக் கொரியா போற எங்கட பெடியள் கடையில ப்பாங் எண்டு கேக்கிறது விடிய ஒழுங்கையால பாட்டுப் போட்டுக்கொண்டு வாற ஓட்டோவில வாங்கிற அதே சாமானைத்தான்.

இதில படிக்க வேண்டியது என்னெண்டா, சத்தம் மாறினதைப் பிழை எண்டு பாக்கக் கூடாது, கேட்ட ஆளின்ர மொழியில எந்தச் சத்தம் இருந்தது எண்டு பாக்க வேணும். நதால் நத்தார் ஆனதும் அப்பிடித்தான். அது லத்தீன்ல நத்தாலிஸ், பிறப்புச் சம்பந்தமானது. பிரெஞ்சில தேஞ்சு நொயெல். தென்னாபிரிக்காவில தமிழ்ச்சனம் கனக்க இருக்கிற நேட்டால், 1497 நத்தார் நேரம் வாஸ்கோ ட காமா அந்தக் கரையால போகேக்க வைச்ச பேர்.

கருத்து மாறுறதைப் பாக்க ஆஸ்பத்திரி. லத்தீன்ல ஹொஸ்பெஸ் எண்டா விருந்தாளி, விருந்து குடுக்கிறவருக்கும் அதே சொல். ஹொஸ்பித்தாலே எண்டா விருந்தாளி தங்கிற இடம். யாத்திரை போற ஆக்களும் ஏலாத ஆக்களும் வந்து தங்கின மடங்கள் மெல்ல மெல்ல வருத்தக்காரருக்கு மட்டுமான இடமாப் போச்சு. அதே சொல் பிரெஞ்சில ஹொஸ்டெல் எண்டாகி, பேந்து "ஸ்" விழுந்து ஹோட்டல். "ஸ்" விழுந்த இடத்தில எழுத்துக்கு மேல சின்னக் கூரை ஒண்டு போட்டிருப்பினம், பிரெஞ்சுச் சொல்லில அந்தக் கூரையைக் கண்டா அதுக்குப் பக்கத்தில ஒரு "ஸ்" இருந்திருக்குமோ எண்டு தேடுங்கோ, கனதரம் இருக்கும். இங்கிலீசுக்காரர் விழ முதல் ஒருக்காவும் விழுந்தாப் பிறகு ஒருக்காவும் எடுத்தபடியா ஹொஸ்டலும் இருக்கு ஹோட்டலும் இருக்கு. எங்களிட்ட வந்து இன்னொரு மாற்றம், எங்கட ஹோட்டல்ல கொத்து றொட்டி கிடைக்கும், படுக்க இடம் கிடைக்காது.

அலுமாரி இன்னும் விசேசம். லத்தீன் அர்மாரியும், அர்மா எண்டா ஆயுதம், ஆயுதமும் சாமானும் வைக்கிற பெட்டகம். போர்த்துக்கீசத்தில அர்மாரியு. ஒரே சொல்லுக்குள்ள ரெண்டு "ர" வந்தா நாக்கு சில நேரம் ஒண்டை "ல" ஆக்கிவிடும், அதுதான் அலுமாரி. இது எங்கட பிழை மட்டுமில்லை, ஸ்பெயின்லயும் சனம் அல்மாரியோ எண்டு சொன்னவை. ஆமி எண்ட சொல்லும் அதே அர்மாவில இருந்துதான், ஆயுதம் தரிச்ச கூட்டம். அலாரம், இத்தாலியில "ஆயுதத்தை எடுங்கோ" எண்டு கத்துற கூப்பாடு. ஆமி, அலாரம் ரெண்டும் ஆயுதத்தை மறக்கேல்ல. அலுமாரி மட்டும் அந்த வேலையை விட்டிட்டு கூறைச் சேலைக்கும் காணி உறுதிக்கும் காவலா நிக்குது.

சிலது ரெண்டு கப்பல்ல ரெண்டு தரம் வரும். சட்டைக்கு லத்தீன் கமிசியா, போர்த்துக்கீசத்தால சிங்களத்தில கமிசய. அதே கமிசியா அரபுக்குப் போய் கமீஸ் ஆகி, உருதுவால வந்து இப்ப துணிக்கடையில சல்வார் கமீஸ். உங்கட கொப்பியில இதை ஒரு சொல்லா எழுதாம ரெண்டு தடமா எழுதுங்கோ.

இனி விழக்கூடிய குழிகள். போர்த்துக்கீசம் எல்லாம் லத்தீன் இல்லை. துவாய் போர்த்துக்கீசச் சொல்தான், ஆனா அதின்ர வேர் ஜேர்மானியம், டவலும் அதே வேர்தான். அன்னாசி பிரேசில் பக்கத்துப் பழங்குடியின்ர சொல், போர்த்துக்கீசர் காவினவை மட்டும்தான். கடதாசியும் போர்த்துக்கீச வழிதான், ஆனா அவையளுக்கு அது அரபுச் சொல்லு கிர்த்தாஸால வந்தது, அரபுக்குக் கிரேக்கத்தால. லத்தீன் கார்த்தாவும் அதே கிரேக்கச் சொல்லில இருந்து போனபடியா ஐடென்டிக் கார்ட்டும் கடதாசியும் ஒண்டுவிட்ட சகோதரம் எண்டு சொல்லலாம், தாயும் பிள்ளையும் எண்டு சொல்லேலாது.

பேனையும் பென்சிலும் பாக்க இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும், சொந்தமே இல்லை. பேனை லத்தீன் பென்னா, இறகு. பென்சில் பெனிசில்லுஸ், சின்ன வால், பேந்து தூரிகை. பென்சிலுக்கு உண்மையான சகோதரம் பெனிசிலின் ஊசி, 1928ல பிளெமிங் கண்ட பூஞ்சணத்துக்குத் தூரிகை மாதிரி வடிவம் இருந்தபடியா முந்தியே வைச்சிருந்த பேர் அது. வெத்திலைப் பானும் பாணும் எழுத்தில கிட்ட நிக்கும், அது வடமொழி பர்ண, இலை.

எழுதி வைக்கிற முறை எப்பிடியும் இருக்கலாம், நான் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் விடுவன். மேல எங்கட சத்தம், சொன்ன ஆள். கீழ கீழ ஒவ்வொரு மொழியா, ஒவ்வொரு படியிலயும் மாறினது சத்தமா கருத்தா எண்டு ஒரு சொல்லு. ரெண்டும் ஒரே படியில பெரிசா மாறியிருந்தா அதில நடுவில ஒரு மொழி விடுபட்டிருக்கு எண்டு சந்தேகப்பட்டு ஒரு கேள்விக்குறி போட்டு, பேந்து வந்து பாக்கலாம். இதை பெடி பெட்டையளிட்டக் குடுத்தா அவையள் போன்ல டக்கெண்டு தேடிக்கொண்டு வருவினம், ஆனா அம்மம்மாட்டக் கேக்கிற பாதியை விட்டிடுவினம், அதைப் பாத்துக்கொள்ளுங்கோ.

செய்து பழக நாலு சொல் தாறன். யன்னல்: லத்தீன்ல அது யன்னலே இல்லை, யானுவா எண்டா வாசல், ஜனவரி மாதமும் அங்கதான் பக்கத்தில நிக்கும். நொத்தாரிசு: "த" வைப் பாத்து ஆர் கொண்டுவந்தவை எண்டு முதல் சொல்லுங்கோ, பேந்து நோட்டுக் கொப்பியோட என்ன உறவெண்டு பாருங்கோ. தவறணை: லத்தீன்ல தபெர்னா, "ப" எப்பிடி "வ" ஆனதெண்டு பிடிச்சா, தேவாலயத்தில நற்கருணை வைக்கிற பேழைக்கு இங்கிலீசில என்ன பேர் எண்டு சுவாமியாரிட்டக் கேளுங்கோ, தவறணைக்கு அது சகோதரம் எண்டு அவருக்குச் சொல்லுறது உங்கட விருப்பம். கடைசியாக் குசினி. குசினி, கிச்சன், குக்கர், விசுக்கோத்து, பிஸ்கட் அஞ்சும் சமைக்கிறது எண்ட ஒரே லத்தீன் வினை "கொக்குவெரே"யில போய் முடியும், விசுக்கோத்தும் பிஸ்கட்டும் ரெண்டு தரம் சுட்டது. சிங்கள வருசத்துக்குச் சுடுற கொக்கிசையும் அதுக்குள்ள சேக்க ஆசை வரும், சேக்காதேங்கோ, அது ஒல்லாந்தரின்ர "கூக்யெ", கேக்கின்ர பக்கத்துச் சொந்தம்.